டிரம் மூடியில் வத்தல்

போன மாதம் நம் கடையில் தண்ணீர் டிரம் வாங்கிய அக்கா இன்று கொசுவத்தி கேட்டு வந்தார். மூத்தவன் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வீட்டில் இருக்கும் சின்னவளுக்கும் வந்துவிடுமோ என்று பயம்.

"டிரம்ம மூடி வச்சிருக்கியளாக்கா?"

"மூடியிலதான் மாடியில வத்தல் காயுது அண்ணாச்சி. தட்டு மாதிரி வாட்டமா இருக்கு."

"அந்தக் கொசு டிரம்லதான் முட்டையிடுது. கடிக்கிறதும் பகல்லதான். ராத்திரி வத்தி கொளுத்தி என்ன செய்ய?"

"நான் என்ன சாக்கடையா பிடிச்சு வச்சிருக்கேன்? நல்ல தண்ணில்லா!"

"நல்ல தண்ணியிலதான் அது வளருது. கொட்டிட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க."

"கொட்டவா? அடுத்த தண்ணி எப்ப வரும்னு நீங்க சொல்லுதியளா?"



"சரி, துணியில வடிகட்டி வேற பாத்திரத்துல ஊத்திட்டு டிரம்மத் தேய்ங்க. பெறகு மூடுங்க."

"வத்தல் காஞ்சதும் மூடிருதேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் கிடந்த தார்ப்பாயில் ஒரு துண்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

"வத்தல இதுல கொட்டுங்க. மூடி இப்பவே கீழ இறங்கணும். சின்னவ வீட்டுல இருக்கா."

வாங்கி மடித்துக்கொண்டே சொல்கிறார்: "டிரம் வாங்கையிலேயே இதத் தந்திருக்கலாம்லா அண்ணாச்சி?"

நம்மிடம் டிரம் வாங்கியவர்கள் மூடி இப்போது எங்கே இருக்கிறது என்று கீழே கமெண்டில் உண்மையாக எழுதுங்கள். தார்ப்பாய் இன்னும் மிச்சம் இருக்கிறது.