இன்னும் ஒரு நூல்

இது கட்டிவிட்ட கதையில்லை. நம்பாதவர்கள் கொட்டச்சேட்டு எஸ்டேட் பங்களாவுக்குப் போய், மேற்கு அறை ஜாலியில் ஒட்டுப்போட்ட மரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

போன ஐப்பசியில் தச்சர் ரஹமத்துல்லாவை அங்கே கூப்பிட்டார்கள். முழுக்க மரத்தரை. அடியில் காற்று ஓடாவிட்டால் மலை ஈரத்துக்குப் பலகை ஊதிவிடும். அதற்காக எப்போதோ வைத்த, ஓட்டை ஓட்டையான இரும்பு ஜாலிகள் தரைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தன. வீட்டுக்காரம்மா சுதாராணியின் மகள் அபிஷா தடி ஊன்றி நடக்கிற பிள்ளை. அந்த ஜாலியில் தடுக்கி இரண்டு முறை கால் முறிந்துவிட்டது. இன்னொரு தரம் விழுந்தால் நடக்கவே முடியாது என்றார் டாக்டர். அதனால் தரையோடு தரையாக நாலு மர ஜாலி.

கூட்டாளி பொன்னுவேல் தரைக்கு அடியில் தவழ்ந்து போய்த் தாங்குகட்டையைத் தூக்கிப் பிடிப்பார். மேலே ரஹமத்துல்லா உள்ளங்கையால் தடவி, "இன்னும் ஒரு நூல்" என்பார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மட்டமானதும் "போதும்" என்பார். அந்தச் சொல் வரும்வரை கீழே இருப்பவர் கையை எடுக்கக் கூடாது.

"உங்க தொப்பைக்கு நீங்க மேலயே இருங்க பாய்," என்று சிரித்துவிட்டுத்தான் பொன்னுவேல் உள்ளே நுழைந்தார்.

மூன்று ஜாலி முடிந்தது. பகல் 3.10. பனிமூட்டம் இறங்கி ஜன்னல் வெளுத்துவிட்டது. நாலாவது, மேற்கு அறை.

டொக்... டொக்.

கீழே ஆள் வந்துவிட்டார். ரஹமத்துல்லா ஜாலியை வைத்துத் தடவினார். பள்ளம்.

"ஒரு நூல் ஏத்துங்க."

ஏறியது. சத்தமே இல்லை.

ஜாலி வழியே காற்று வந்தது. ஈர மண் வாடை. நின்றது... மறுபடி வந்தது... நின்றது.

மூச்சு மாதிரி.

"இன்னும் ஒரு நூல்."

ஏறியது. சரியான மட்டம். "போதும்" என்று சொல்ல வாயெடுத்தார். 3.22.

"பாய், டீ."

பின்னால் பொன்னுவேல்.

"நாலாவதுக்கு வழியே இல்லீங்க. சுத்தியும் கல்சுவரு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கீழே... டொக்.

இருவருக்கும் கேட்டது. நாலு திருகாணியையும் முடுக்கிவிட்டு ஓடி வந்தார்கள்.

மறுநாள் காலை சுதாராணி போன் செய்தார். அந்த ஜாலி மேலே எழும்பியிருந்தது. அபிஷாவின் தடி மாட்டி, விழப்போனவளைப் பிடித்துவிட்டார்களாம். ரஹமத்துல்லா போய்ப் பார்த்தார். திருகாணி இளகவில்லை. உயரம் சரியாக ஒரு நூல். இழைத்துவிட்டு வந்தார்.

அடுத்த நாள், ஒரு நூல். இழைத்தார்.

அதற்கடுத்த நாளும் அதே. இழைத்தார்.

அன்றுதான் அவருக்கு உறைத்தது. கடைசியாகத் தான் சொன்னது என்ன, சொல்லாமல் விட்டது என்ன என்று.

காலை 11.05. மண்டியிட்டு, ஜாலியில் வாயை வைத்தார்.

"போதும்ங்க. கையை எடுத்துக்குங்க."

கீழே கனமாக ஏதோ இறங்கியது. நீளமாக ஒரு மூச்சு. ஜாலி மூன்று நூல் உள்ளே போனது. அவர் இழைத்த அளவு.

அதன்மேல் ஒட்டுப்போட்டு மட்டமாக்கினார். அபிஷா தடியோடு மூன்று முறை நடந்து காட்டினாள்.

வெளியே வந்ததும் வாட்ச்மேன் ஜேசுதாஸ் சொன்னார். அந்த அறையைக் கட்டினபோது அன்பழகன் என்றொருவர் கீழே கட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தாராம். மழையில் மண் சரிந்தது. மேலே இருந்தவர் அப்படியே ஓடிவிட்டார். தோண்டியும் ஆள் கிடைக்கவில்லை. சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷமாகிறதாம்.