கூட்டணி வண்டியில் ஒரு நாள்

எங்கள் தொகுதியில் தேர்தல் என்பது பெயருக்குத்தான். ஒரே கட்சிதான் ஜெயிக்கும். அதை எதிர்த்து என் சின்னக் கட்சியின் சார்பில் மூன்று முறை நின்றேன், மூன்று முறையும் டெபாசிட் போனது. தோற்றதுகூடப் பெரிதில்லை. ஜனங்கள் ஓட்டை அங்கே போட்டுவிட்டு வேலையை என்னிடம் கொண்டுவருவார்கள், அதுதான் தாங்காது.

சாரம் பகுதியில் எங்கள் தெருவுக்குக் கழிவுநீர் வாய்க்கால் கிடையாது. மழை பெய்தால் எதிர்வீட்டு அம்மாவின் சமையல்கட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடும். அவர் கணவரும் நானும் ஒரே மில்லில் தறி ஓட்டியவர்கள். மில் மூடியபின் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அம்மாவுக்காக மனு எழுதினேன். எட்டு மாதம் நகராட்சிக்கு நடந்தேன். என்ஜினியர் இருந்தால் ஃபைல் இருக்காது, ஃபைல் இருந்தால் என்ஜினியர் இருக்கமாட்டார். ஒருவழியாக வேலைக்கு உத்தரவு வந்தது.

பூமி பூஜையன்று எம்.எல்.ஏ. வந்தார், மாலை, பட்டாசோடு. எனக்கு யாரும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், ஆரத்தி எடுப்பது எதிர்வீட்டு அம்மா!

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "என்னம்மா இது?"

"கோச்சிக்காதீங்கண்ணே. நீங்க நம்ம ஆளு, எடுக்கலன்னாலும் ஒண்ணும் சொல்லமாட்டீங்க. அவரு அப்டியா?"

பாதித் தெரு தோண்டியதும் வேலை நின்றது. மறுநாள் காலையில் அதே அம்மா என் வாசலில். "அண்ணே, இன்னொரு மனு எழுதணுமே."

"ஆரத்தி எடுத்தீங்களே, அவர்கிட்ட போய் கேளுங்க" என்று கத்தினேன். கத்திவிட்டு, எழுதியும் கொடுத்தேன்.

பள்ளம் அப்படியே கிடக்க, தேர்தல் வந்தது. நாலாவது முறையும் நிற்க நோட்டீஸ் வாசகம்கூடத் தயார் செய்துவிட்டேன். அப்போது மேலிடத்திலிருந்து போன். "அந்தக் கட்சியோட கூட்டணி முடிவாயிடுச்சு. உங்க தொகுதி அவங்களுக்கு. நீங்க பிரச்சாரம் பண்ணணும்."

"யாருக்கு?"

"எம்.எல்.ஏ.வுக்குத்தான்."

இருபது வருடம் நான் திட்டிய மனிதர். அவருடைய திறந்த ஜீப்பில், அவர் பின்னால், கழுத்தில் இரண்டு கட்சித் துண்டோடு ஏறி நின்றேன். என் மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா வாய்க்கா எப்பவோ வந்திருக்குமேண்ணே!"

உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது. வண்டி பள்ளத்தருகே நின்றபோது என்னைப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். வேட்பாளரைப் புகழ்ந்து நாலு வரி எழுதித் தந்திருந்தார்கள். அதைப் படிக்க வாய் வரவில்லை.

"இந்தப் பள்ளத்துல ரெண்டு பேரு விழுந்து கால ஒடிச்சிக்கிட்டாங்க. அண்ணன் மொதல்ல இத மூடிட்டு ஓட்டு கேக்கட்டும்" என்றேன்.

மைக் அணைந்தது. தெருவில் யாரோ கைதட்டினார்கள். எம்.எல்.ஏ. திரும்பிப் பார்த்து, சிரித்த முகம் மாறாமல், "எறங்குய்யா" என்றார். இறங்கினேன். வீட்டுக்கு நடந்து வந்து துண்டுகள் இரண்டையும் துணி காயும் கொடியில் போட்டேன்.

மூன்றாம் நாள் ஜே.சி.பி. வந்தது. வாக்குப்பதிவுக்கு முன் வாய்க்கால் முடிந்துவிட்டது. எம்.எல்.ஏ. வழக்கம்போல ஜெயித்தார். கூட்டணி தர்மத்தை மீறியதற்காக என் கட்சி என்னை நீக்கியது. முப்பது வருடம் போஸ்டர் ஒட்டியவனுக்கு ஒரு பக்கக் கடிதம். அதில் என் பெயரைக்கூடத் தப்பாக அடித்திருந்தார்கள்.

"அந்தப் பேருல யாரையோ நீக்கியிருக்காங்க, விடுங்க" என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.