மாற்றுத்திறனாளிகள் குழுவில் யார் இருப்பது?

போன கிழமை எங்கள் பிரதேச சபையில் ஒரு கூட்டம். மாற்றுத்திறனாளிகளுக்காக ஆலோசனைக் குழு அமைக்கிறார்கள். “நீங்களும் வாங்கோ” என்று தவிசாளர் கூப்பிட்டார். போனேன்.

தவிசாளர் நல்ல மனிதர். உறுப்பினர்களையும் அவரே யோசித்து வைத்திருந்தார். ஓய்வுபெற்ற அதிபர், டொக்டர், கோயில் தலைவர்... பெயர்களைச் சொல்லி முடித்ததும் கைதட்டத் தயாரானோம்.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். தவமலர். யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர். உடையார்கட்டில் தையல் கடை வைத்திருக்கிறார்.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் சொன்ன ஆக்களில ஒருத்தருக்காவது ஏதும் ஏலாமை இருக்கோ?”

தவிசாளரின் முகம் சுருங்கியது. ஆனால் கோபப்படவில்லை – அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“அப்ப எப்பிடிச் செய்வம், தங்கச்சி?”

“பாதிப்பேராவது நாங்களா இருக்க வேணும். ஆர் எண்டதையும் நாங்களே தெரிவு செய்யிறம்.”

“ஓம், அதுதான் சரி” என்று முதலில் எழுந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்தவர் டொக்டர்.

அடுத்த சிக்கல் வாக்கெடுப்பு. கையைத் தூக்கச் சொன்னார்கள். “ஆர் தூக்கினது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் பார்வையற்ற பரமேஸ் அண்ணை. சரி, வாயால் சொல்லலாம் என்றால்... காது கேளாத ரஜிதா என்ன செய்வார்? கடைசியில் கையையும் தூக்கி, தூக்கியவரின் பெயரையும் உரக்கச் சொல்வதென்று முடிவானது. இதைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை.

பிறகு தலைவர் தெரிவு. எல்லோரும் தவமலரைத்தான் பார்த்தோம்.

“நான் வேண்டாம். எனக்கு வாயிருக்கு, எங்க போனாலும் கதைச்சிடுவன். ரஜிதா என்ன நினைக்கிறா எண்டு இவ்வளவு காலமும் ஆர் கேட்டது?”

கைக்கு வந்த பதவியை இப்படி அடுத்தவருக்குக் கொடுத்தவர்களை நீங்கள் எத்தனை கூட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

ரஜிதாவே தலைவரானார். பக்கத்தில் அவருடைய தங்கை – அக்காவுக்குச் சைகையில் சொல்ல, அக்காவின் சைகையை எங்களுக்குச் சொல்ல. உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தோம். வாழ்த்து, யோசனை, முறைப்பாடு எல்லாம் ஒன்றாக. தங்கை திணறிப்போனார்.

ரஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கைகளை அசைத்தார். தங்கை சொன்னார்:

“ஒராள் கதைச்சு முடிய மற்றாள் கதையுங்கோ எண்டு அக்கா சொல்லுறா.”

எத்தனையோ வருடமாகக் கூட்டங்களுக்குப் போகிறேன். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.