மூடுபனிக்குள் நான் இறங்கவில்லை

முனிரத்தினத்தைத் தூக்கிவர நான் போகவில்லை. போகக்கூடிய நேரம் கிடைத்தது. அப்படியும் போகவில்லை.

என் முதல் நாவலைப் படித்தவர் என்றால் நீங்கள் குழம்புவீர்கள். அதில் குண்டடி பட்ட நண்பனைத் தேடி ஒருவன் மூடுபனிக்குள் இறங்குகிறான். தண்ணீர் கொடுக்கிறான். தோளில் சுமந்து மேலே கொண்டுவருகிறான். நண்பன் அவன் மடியில் அமைதியாகக் கண்மூடுகிறான். 'அனுபவிக்காதவரால் இப்படி எழுத முடியாது' என்று பலர் கடிதம் போட்டார்கள். நீங்களும் போட்டிருக்கலாம்...

நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊர்க்காரன். விசைத்தறி ஓட்டும் வீட்டிலிருந்து ராணுவத்துக்குப் போனவன். முனிரத்தினத்துக்குப் புத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் பிரிவில் பேச்சைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கிறவர்கள் நாங்கள் இருவர்தான். அவன் மனைவி தேவகி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

வடக்கு எல்லையில் சண்டை மூண்டது. ஒரு காலையில் மலைச் சரிவில் ஏறும்போது அவன் வயிற்றில் குண்டு பாய்ந்தது. நான் ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்து தப்பினேன். அவன் எனக்குக் கீழே நாற்பதடி தூரத்தில், வெட்டவெளியில் கிடந்தான். தலையைத் தூக்கினாலே மேலிருந்து சுட்டார்கள்.

"சேகரு... தண்ணி குடுறா."

"இங்கதான் கீறேன்டா," என்றேன்.

மறுபடி கூப்பிட்டான். மறுபடியும். நான் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. சுடுவதும் நின்றது. கால்மணி நேரம் அப்படியே இருந்தது. என் இடுப்பில் தண்ணீர் நிறைந்த பாட்டில். பாதி வழியில் பனி விலகிவிட்டால்...? அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். பனி விலகியது. வெயில் ஏறிய பிறகு அவன் குரல் கேட்கவில்லை.

பயம்தான். அதற்கு வேறு பெயர் எதற்குத் தேட வேண்டும்?

"குண்டு பட்டதுமே உயிர் போய்விட்டது" என்று அதிகாரியிடம் சொன்னேன். தேவகிக்கும் அந்தச் செய்தியே போனது.

ஓய்வு பெற்றுத் திருப்பதியில் குடியேறி எழுத உட்கார்ந்தேன். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் முரண்டு பிடித்தன. மூடுபனி அத்தியாயத்தை மட்டும் ஒரே மூச்சில் முடித்தேன். செய்யாததை எழுதுவது அவ்வளவு சுலபமாக இருந்தது! பிறகு எழுதிய நான்கு நாவல்களிலும் யாரோ ஒருவன் ஆபத்துக்குள் திரும்பிப் போகிறான். வெள்ளத்துக்குள், எரியும் வீட்டுக்குள்... நீங்கள் இன்னொன்றைக் கவனித்தீர்களா? என் கதைகளில் சாகிறவர்கள் ஒருவரும் தண்ணீர் கேட்பதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை என்னால் எழுத முடிந்ததே இல்லை. சாவை அடக்கமாக எழுதுகிறேன் என்று பாராட்டினார்கள்.

முதல் நாவல் தெலுங்கில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தது. தேவகிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மகன் கிஷோர் தெலுங்கில் அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியானம் இருவரும் என்னைத் தேடி வந்தார்கள். கிஷோருக்கு அவன் அப்பாவின் அதே அகன்ற நெற்றி. என்னால் அவனை நேராகப் பார்க்க முடியவில்லை.

"ஒடனே உயிர் போச்சின்னாங்க, மனசு நம்பல. ஒண்டியா கெடந்து செத்தாரோன்னு இத்தினி வருசம் நெனச்சிக்கினு இருந்தேண்ணா," என்றாள் தேவகி. "நீங்க கூட இருந்துகீறீங்க. தண்ணி குடுத்துகீறீங்க. எனக்கு அது போதும்."

"அது கதைம்மா."

"பேருதான் மாத்திகீறீங்க. எனக்குத் தெரியாதா?"

கிஷோர் ராணுவத் தேர்வில் தேறியிருந்தான். அடுத்த வாரம் பயிற்சியில் சேர வேண்டும்.

"மொதல்ல நான் ஒத்துக்கல," என்றாள். "நைனா போன எடத்துக்கு நீயும் போவியான்னு சண்டை போட்டேன். கூட கீறவங்க விட்டுட்டுப் போவ மாட்டாங்கன்னு உங்க புஸ்தகத்துல இருக்குதே... அந்த தைரியத்துலதான் சரின்னேன். நெஜந்தானேண்ணா?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் மகனை அனுப்பியிருக்க மாட்டாள். சொல்வதற்கு முழுதாக ஒரு மத்தியானம் இருந்தது.

"நெஜந்தாம்மா," என்றேன். "விட மாட்டாங்க."

மலையில் உயிர்ப்பயம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன சொல்வேன்? என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைச் சுடவில்லை.

கிஷோர் இப்போது எல்லையில் இருக்கிறான், பனி மலையில். சென்ற ஞாயிறு போன் செய்தான்.

"மாமா, இங்க நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன், குப்பம் ஊரு, எங்கூட கீறான். எனக்கு ஒண்ணுன்னா அவன் வருவான். அவனுக்கு ஒண்ணுன்னா எவ்ளோ சுட்டாலும் நான் போய்டுவேன். பேசி வச்சிக்கினோம்."

அவன் போவான். அது எனக்குத் தெரியும். நான் எழுதியதை நம்பி, குண்டுகளுக்கு நடுவே எழுந்து போவான்...

அது பொய்யடா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோ," என்றேன்.