டெல்ஃபினா மூடிப் பிடித்த கை

எஸ்பனோலாப் பள்ளத்தாக்கில் மிளகாய் சுடும் பருவம் வந்துவிட்டால், தோலுரிப்பதில் டெல்ஃபினா ஆர்ச்சுலெட்டாவை எவரும் முந்தியதில்லை. அவள் வேலை பார்த்த பள்ளிச் சமையற்கூடத்திலும் அப்படித்தான். எதிலும் பின்தங்குவது அவளுக்குப் பொறுக்காது.

அப்படிப்பட்டவளுக்கு மகள் நியேவெஸ் இரண்டரை மாதம் முன்னதாகவே பிறந்தாள். மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியில் வெகுநாள் கிடந்து வீடு வந்து சேர்ந்தாள். அதுமுதல் ஜோலீன் என்னும் குழந்தை வளர்ச்சிப் பயிற்சியாளர் வாரந்தோறும் வந்து, தரையில் அமர்ந்து, குழந்தையோடு விளையாடுவார். பிறக்க வேண்டிய நாளிலிருந்தே வயதைக் கணக்கிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் நாத்தனார் பெர்னடெட்டின் மகன் பெனிதோவும் அதே மாதம் பிறந்தவன். அவனோ நாயைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

அவனுடைய பிறந்தநாள் விருந்தில் பெர்னடெட் கேட்டாள்: "என்ன அண்ணி, உங்க மகாராணி இன்னும் மடியை விட்டு எறங்கலையா? பல்லக்கு எதுவும் அனுப்பணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபினாவும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு உள்ளூர எரிந்துகொண்டே இருந்தது.

சில வாரங்களில் ஜோலீன் ஒரு செய்தி சொன்னார். "அடுத்த மாசம் வேற ஒருத்தங்க வந்து பாப்பாவைப் பாப்பாங்க. கப்புல கட்டை போடச் சொல்வாங்க, மணி ஆட்டச் சொல்வாங்க. பயப்படாதீங்க, இது பரீட்சை இல்ல. எவ்வளவு ஒதவி தேவைன்னு தெரிஞ்சுக்கத்தான்."

பரீட்சை என்ற சொல் மட்டுமே டெல்ஃபினாவின் காதில் தங்கியது. கடையில் சிவப்பு விளையாட்டுக் கட்டைகளையும் ஒரு கப்பையும் ஒரு மணியையும் வாங்கினாள். மாலைதோறும் மகளை மடியில் வைத்துப் பழக்கினாள். நியேவெஸின் இடக்கை கட்டைவிரலை உள்ளே மடக்கிய முட்டியாகவே இருந்தது, எதையும் நாடவில்லை. ஆகவே டெல்ஃபினா எல்லாவற்றையும் வலப்பக்கமே வைத்தாள், ஜோலீன் வந்தபோதும்கூட. கட்டை கப்பில் விழுந்ததும் அவள் கைதட்டுவாள்; குழந்தை பதிலுக்கு வலக்கையால் தன் தொடையைத் தட்டும். அது அழகாகவே தோன்றியது.

பார்வையிட வந்த விட்லோ அம்மையாரின் எதிரே மகளை மடியில் இருத்திக்கொண்டாள். சால்வைக்கு அடியில் அந்த முட்டியைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். நியேவெஸ் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள், மணியை ஆட்டினாள். அம்மையார் சால்வை மூடிய பக்கத்தைக் காட்டிக் கேட்டார்:

"இந்தக் கையில குடுத்தா வாங்குவாளா?"

"ரெண்டு கையாலயும் வாங்குவாளே. புது ஆளுன்னு இப்ப வெக்கப்படுறா."

அம்மையார் நம்பினார். இனிப் பயிற்சி தேவையில்லை என்று முடிவாயிற்று. விடைபெற வந்த ஜோலீனுக்கு டெல்ஃபினா ஒரு டப்பா நிறையச் சோம்பு பிஸ்கட்டு கொடுத்தாள். கணவன் எலாய் உறவினரையெல்லாம் அழைத்து மிளகாய்க் குழம்பு பரிமாறினான். "நான் அன்னைக்கு வாய்க்கொழுப்புல பேசிட்டேன் அண்ணி" என்று பெர்னடெட்டே வந்து சொன்னாள். வென்றுவிட்டோம் என்று டெல்ஃபினா எண்ணினாள்.

இளவேனிலில் ஒருநாள், டெல்ஃபினா வீட்டுச் சமையலறையில் பெர்னடெட் இரு குழந்தைகளுக்கும் சூடான டோர்ட்டியா ரொட்டி கொடுத்தாள். பெனிதோ இரு கையாலும் பிய்த்துத் தின்றான். நியேவெஸ் வலக்கையால் பற்றி இழுத்தாள். பிடித்துக்கொள்ள மறு கை வரவில்லை. ரொட்டி தரையில் விழுந்தது. அவள் தாயை நிமிர்ந்து பார்த்தாள். பாராட்டை எதிர்பார்த்து, தொடையைத் தட்டினாள்.

பெர்னடெட் இம்முறை கேலி செய்யவில்லை. "அண்ணி, இந்தக் கை எப்பவும் இப்படித்தான் இருக்கா?"

"அவங்க வந்து பாத்துட்டு நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?" என்றான் எலாய்.

டெல்ஃபினாவின் முகம் சிவந்தது. "அவங்க பாக்கல. நான் மூடிப் பிடிச்சிருந்தேன்."

"எதுக்கு டெல்ஃபி?"

"உங்க எல்லார் முன்னாலயும் ஜெயிக்கணும்னு."

அவளை எவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பெர்னடெட் கீழே விழுந்த ரொட்டியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருக்கும்போதே டெல்ஃபினா ஜோலீனைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

ஜோலீன் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தக் கைக்கு இந்த மாசங்கதான் ரொம்ப முக்கியம், டெல்ஃபினா. சரி, திரும்பப் பாக்கச் சொல்றேன்" என்றார் ஜோலீன். குரலில் கடுமை இல்லை. அதுதான் மேலும் சுட்டது.

விட்லோ அம்மையார் மீண்டும் வந்த நாளில் டெல்ஃபினா மகளைத் தரைவிரிப்பில் உட்கார வைத்தாள். எதிரே அமர்ந்து, தன் இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"இந்தக் கையில குடுத்தா வாங்குவாளா?"

"வாங்க மாட்டா" என்றாள் டெல்ஃபினா.

அம்மையார் சிவப்புக் கட்டையை இடப்பக்கம் வைத்தார். நியேவெஸ் அதைப் பார்த்தாள்; இடக்கை முட்டி அசையவில்லை. பிறகு தாயின் முகத்தைப் பார்த்துத் தொடையைத் தட்டினாள். டெல்ஃபினா கைதட்டக் கைகளை வெளியே எடுக்கவில்லை.