மோனிஷாவின் இடத்தில் பிங்கி

போன வாரம் ஒரு மத்தியானம் ஃபுட்பால் ஃபைனல் ஒன்றை முழுசாகப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. அதுவும் எங்கே? புத்தூரில், எலும்புக்குக் கட்டுப் போடுகிற இடத்தில்!

திரைச்சீலையைக் கழற்ற நாற்காலி மேல் ஏறினேன். அதற்குப் பிறகு நடந்ததை என் கணவர் ஏற்கெனவே எங்கள் ஊர் நகரி முழுக்கச் சொல்லிவிட்டார். இடது மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கிவிட்டது. என்னைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "முடிஞ்சதும் போன் பண்ணு" என்று கிளம்பிவிட்டார்.

என் டோக்கன் நாற்பத்தேழு. உள்ளே போய்க்கொண்டிருந்ததோ முப்பத்தொன்று.

தகரக் கூரைக்குக் கீழே நீள பெஞ்ச். அதன் கோடியில் கை கட்டியவர், கால் கட்டியவர் என்று ஒரு சின்னக் கூட்டம் ஒரே போனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கிரிக்கெட் என்று நினைத்தேன். இல்லை... பெண்கள் ஃபுட்பால். இருபது வயதுக்குட்பட்டவர்களின் ஃபைனல். இந்தியாவும் நேபாளமும்.

"இது ரெண்டும் ஜென்மப் பகை மேடம்" என்றார், தோளில் கட்டோடு நின்ற ஒரு லாரி டிரைவர். எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு நிமிசமா" என்றார்.

போனைப் பிடித்திருந்த பெண் மட்டும் பேசவே இல்லை. பெயர் மோனிஷா, வயது பத்தொன்பது. வலது கணுக்காலில் கட்டு. பக்கத்தில் அவள் அம்மா கன்னியம்மா. சத்தியவேடு பக்கத்துக் கிராமம். கொஞ்சம் வேர்க்கடலை போடுகிறார்கள். மாம்பழ சீசனில் அம்மா கூழ் ஃபேக்டரிக்குப் போகிறாள். இதெல்லாம் அம்மா சொன்னது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு என் மணிக்கட்டு வலியே மறந்துபோயிற்று.

"அந்த மேச்சுல ஆட வேண்டியவ மேடம் இவ. இந்தியா டீம் கேம்ப்ல ஆடிக்கினு இருக்கசொல்ல காலு ஒடிஞ்சிபோச்சு. இவ எடத்துல வேற பொண்ணை எறக்கிட்டாங்க."

நான் திரையைப் பார்த்தேன். மோனிஷா விரலால் காட்டினாள். "அதோ, இடது ஓரத்துல ஓடறா பாருங்க. பிங்கி. ஜார்க்கண்ட் பொண்ணு. கேம்ப்ல என் ரூம்மேட்டு."

"உங்கப்பா வரலையா?"

"நைனா வயலுக்குப் போய்ட்டாரு ஆண்ட்டி. நீ ஆடாத மேச்சை இன்னாத்துக்குப் பாக்கணும்னாரு."

அப்படியானால் நீ மட்டும் ஏன் பார்க்கிறாய்? வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை.

இடைவேளை வரை கோல் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நேபாளப் பெண் காற்று மாதிரி இடது ஓரமாக வந்தாள். தடுக்கப் போன பிங்கி வழுக்கி விழுந்தாள். கோல்!

"ஏமம்மா இதி!" என்னம்மா இது என்று தெலுங்கில் அலறி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெஞ்சே பிங்கியைத் திட்டியது. "நம்ம மோனி இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா?" என்றாள் கன்னியம்மா.

நான் மோனிஷாவைத்தான் பார்த்தேன். உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பா? எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டே விட்டேன்.

"சந்தோஷமா இருக்கா?"

அவள் கோபப்படவில்லை. "ஒரு நிமிசம் நல்லா இருந்துச்சு ஆண்ட்டி. பொய் சொல்ல மாட்டேன்." பிறகு திரையைத் தொட்டாள். "முட்டியப் புடிச்சிக்கினு குனிஞ்சி நிக்கறா பாருங்க... அழுவறதுக்கு முன்னாடி இப்டித்தான் நிப்பா. எனக்குத் தெரியும்."

எனக்கு இதெல்லாம் புரியாதா என்ன? நான் டீச்சராக இருந்தபோது அம்மை போட்டு மூன்று வாரம் லீவு. என் வகுப்புக்கு இன்னொரு டீச்சர் வந்தார். பிள்ளைகள் அவரைப் படுத்தி எடுப்பார்கள் என்று ஆசையோடு காத்திருந்தேன். திரும்பிப் போன முதல் நாள் ஒரு வாண்டு கேட்டது: "அந்த டீச்சர் இனிமே வர மாட்டாங்களா?" அந்த வயிற்றெரிச்சலை இன்றுதான் உங்களிடம் சொல்கிறேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். கார்னரிலிருந்து வந்த பந்தை யாரோ தலையால் முட்டி உள்ளே தள்ளினார்கள். ஒன்றுக்கு ஒன்று. கடைசியில் பெனால்டி.

சரியாக அப்போது உள்ளேயிருந்து குரல்: "நாப்பத்தாறு!"

மோனிஷாவின் நம்பர். அவள் அசையவில்லை. "நாப்பத்தேழு!" நானும் அசையவில்லை. நாற்பத்தெட்டு, டிரைவர். அவர் காதிலேயே வாங்கவில்லை. என்னடா இது என்று கட்டுப் போடுகிறவரே கையில் பச்சிலை மருந்தோடு வெளியே வந்தார். வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

ஆளுக்கு ஐந்து. நேபாளம் ஐந்தையும் போட்டுவிட்டது. நாம் நான்கு. ஐந்தாவதை அடிக்க வந்தவள்... பிங்கி.

"கீப்பரைப் பாக்காதடி" என்று மோனிஷா போனிடம் கெஞ்சினாள். "பாக்காத. பாத்தா சொதப்பிடுவ..."

பிங்கி பார்த்தாள். அடித்தாள். கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டாள். கோப்பை நேபாளத்துக்கு.

"சீ! இவளையெல்லாம் யாரு சேர்த்தாங்க?" என்றார் டிரைவர்.

மோனிஷா சட்டென்று நிமிர்ந்தாள். "நீங்க போய் அடிங்கண்ணா! எத்தினி பேரு பாத்துக்கினு இருக்காங்க தெரியுமா? அங்க நின்னா காலு நடுங்கும்!"

அப்புறம்தான் அவள் அழுதாள். தனக்காகவா, பிங்கிக்காகவா?

என் கட்டு முடிந்து வெளியே வரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் புதுக் கட்டோடு மோனிஷா வீடியோ காலில் இருந்தாள். திரையில் வீங்கிய கண்களோடு பிங்கி. இருவரும் ஹிந்தியில் என்னவோ பேசி அழுதார்கள். திடீரென்று இருவரும் சிரித்தார்கள். போனை வைக்கட்டும் என்று காத்திருந்தேன். ஆர்வம் யாரை விட்டது?

"நீ விழுந்தப்ப ஒரு நிமிசம் சந்தோஷப்பட்டேன்டின்னு சொல்லிட்டேன் ஆண்ட்டி."

"ஐயோ! அதுக்கு அவ என்ன சொன்னா?"

"உன் காலு ஒடிஞ்சப்ப நானும்தான்டி, அப்டின்னா."

கன்னியம்மா ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மோனிஷா ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே ஏறினாள்.

"கால் சரியானதும் வரேன், என் எடத்தக் காலி பண்ணி வைன்னேன்."

"கொடுத்துடுவாளா?"

"தர மாட்டாளாம். வந்து புடுங்கிக்கோன்னா!" சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே... அன்று முழுக்க அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதில் பார்க்கவில்லை.

ஆட்டோ போய்விட்டது. போட்டி இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!