அலமேலு கடைக்குச் சந்து முனையில் ஒரு பலகை

இன்று மாலை உறுதியான தகவல்: கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையை ஒட்டிய ஒரு சந்துக்குள் சிறுதானியக் கடை நடத்தும் அலமேலு, சந்து முனையில் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள விதித் தளர்வு தரலாம் என்று பரிந்துரை எழுதியாகிவிட்டது. சொன்னவர், அதை எழுதிய நகரமைப்பு ஆய்வாளரே.

("பேரு போட்டுடாதீங்க" என்றார். போடவில்லை சார்!)

ஒரு பலகைக்கு இவ்வளவு பீடிகையா என்று கேட்பீர்கள். காலையில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அலமேலு, வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூர்க்காரர். மலையில் விளையும் சாமையையும் தினையையும் வாங்கி, உமி நீக்கி, அரிசியாக விற்கிறார்.

விற்பதில் குறையில்லை. சரக்கு வாங்குவதில்தான் சிக்கல்.

மூட்டையோடு பஸ்ஸை விட்டு இறங்கும் மலைக்காரர்கள் கண்ணில் இந்தக் கடை படுவதே இல்லை. நேராக மண்டிக்குப் போய், அங்கே சொன்ன விலைக்குப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த அறுவடைக்கும் சரக்கு வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

அவர் ஊரில் சாமை வாங்குகிற வீட்டு வாசலில் ஒரு முறத்தைத் தொங்கவிடுவார்களாம். பார்த்தவர்கள் மூட்டையை இறக்குவார்கள். அதே நினைப்பில் சந்து முனையில் ஒரு முறத்தைக் கட்டிவிட்டார்.

மறுநாள் குப்பை வண்டி அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது!

பிறகுதான் நகராட்சியில் மனு. கடையின் பலகை அந்தக் கடையின் முகப்பில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. சந்து முனைச் சுவரோ ஜவுளிக்கடைக்குச் சொந்தம். ஜவுளிக்கடை முதலாளி முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

இன்று நேரில் ஆய்வு. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காகச் சந்துக்குப் பக்கத்து நாற்சந்தியில் மறியல். நான் போனது அந்தச் செய்திக்கு. ஆய்வாளர் தன் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு நடந்து வந்ததைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். (பழக்க தோஷம்.)

பலகையின் வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

"இன்னாம்மா இது? பேரு இத்தினியூண்டு, முறம் இம்மாம் பெருசு! முறம் விக்கிற கடன்னு நெனச்சிக்குவாங்க."

"கீழ இருக்கறவங்க நெனச்சிக்கட்டும் சார். மேல இருந்து வர்றவங்களுக்குத் தெரியும்."

"அத உன் கட வாசல்லயே மாட்டறதுதான? யாரு வேணான்னது?"

"சந்துக்குள்ள வந்தாதான சார் வாசலு தெரியும்?"

ஜவுளிக்கடை முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "சார், என் சுவத்துல இவங்க பலகைய மாட்டுனா ஜனங்க கொழம்பிப் போயிடும். அதும் இல்லாம, மூட்டயப் போட்டு என் வாசல அடச்சிக்கினு நிப்பாங்க."

அந்த நேரம் பார்த்து மலை பஸ் வந்தது. மறியலைத் தாண்ட வழியில்லை. சந்துக்குச் சற்று முன்னாலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

ஏழெட்டுப் பேர் தலையில் மூட்டையோடு எங்களைக் கடந்து நடந்தார்கள். ஒருவர்கூடச் சந்துப் பக்கம் திரும்பவில்லை.

அலமேலு ஓடினார். "பெரியப்பா! பெரியப்பா! எங்க போறீங்க? கட இங்க கீது!"

முன்னால் போன பெரியவர் அப்படியே நின்றார். கழுத்தைத் திருப்பவில்லை, உடம்போடு மொத்தமாகத் திரும்பினார்.

"அலமேலா? உன் கடயத்தான் தேடிக்கினு போறேன். போன வாட்டி இந்தத் துணிக்கடையில கேட்டேன். அலமேலுன்னா சேலையா நைட்டியான்னு கேக்கறான் அந்தப் பையன்!"

மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. நடந்து போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சுமை தலைல இருக்கறவங்க சைடுல திரும்ப மாட்டாங்க போல," என்றார் என்னிடம். "நேராதான் பாக்கறாங்க. பலகைய சுவத்தோட ஒட்டி அடிச்சா பிரயோஜனம் இல்ல. ரோட்டப் பாத்து நீட்டிக்கினு இருக்கணும்."

பேனாவை எடுத்தார். விதியில் இல்லாத ஒன்றை எழுத ஓர் அதிகாரி பேனா எடுத்து நான் பார்ப்பது அபூர்வம்!

ஆனால் சுவர்க்காரர் சம்மதம் வேண்டுமே?

பெரியவர் அலமேலு கடையில் மூட்டையை இறக்கினார், எடை போட்டார், பணத்தை மடியில் முடிந்தார். கை வீசிக்கொண்டு சந்துக்குள்ளிருந்து வெளியே வந்தவர், நேராக ஜவுளிக்கடைப் படியேறினார்.

"நாலு முழ வேட்டி ரெண்டு குடு. அப்பிடியே வூட்டுக்கு ஒரு பொடவ. சிவப்புல காட்டு."

பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

முதலாளி துணியை மடித்துக்கொண்டே ஆய்வாளரைப் பார்த்தார். "சார், பலகைய கொஞ்சம் ஒசத்தி வெச்சா எம்பேரு மறையாது இல்ல?"

"மறையாது."

"அப்ப சரி. மூட்டய மட்டும் உள்ளாற போய் எறக்கட்டும்."

அலமேலு குறுக்கிட்டார். "மொதலாளி, மூட்ட எறங்குனாதான கை சும்மா கெடக்கும், உங்க துணியத் தூக்க!"

இனி பாக்கி இரண்டு. ஒன்று, முதலாளியின் சம்மதக் கடிதம். நாளைக் காலை தருவதாக என் முன்னால் சொல்லியிருக்கிறார். (மாறினால் அதையும் இங்கே எழுதுவேன், முதலாளி!) இரண்டு, ஆணையரின் கையெழுத்து. ஆய்வாளர் கணக்குப்படி வியாழக்கிழமை.

"ஒருவேள ஆணையர் முடியாதுன்னுட்டா?" என்று அலமேலுவிடம் கேட்டேன்.

"மறுபடியும் எழுதிக் குடுப்பேன். அறுப்பு இப்பதான தொடங்கிக்கீது சார்!"

வியாழக்கிழமையும் மறியல் அறிவித்திருக்கிறார்கள். அலுவலகம் நடந்தால் அன்று மாலைக்குள் தெரியும், இல்லையென்றால் ஆணையர் அடுத்துக் கையெழுத்திடும் திங்கட்கிழமை.